முதல் லாரியின் சரக்கு

கொடியசைக்க இரண்டு நாட்டு அமைச்சர்களும் வந்துகொண்டிருந்தார்கள். ஜரிகைத் தோரணம் கட்டிய கன்டெய்னர் லாரி எல்லை கேட்டுக்கு முன்னால் தயாராக நின்றது. அதற்குள் ஏற்ற வேண்டிய சரக்கு மட்டும் இல்லை.

"சூளைச் சுவர் இடிஞ்சு விழுந்துடுச்சு சார். ஓடு ஒண்ணுகூடத் தேறலை. ரெண்டு வாரம் டைம் குடுங்க," என்று ஓட்டுத் தொழிற்சாலை முதலாளி போனில் சொன்னபோது காலை மணி எட்டு. விழா பன்னிரண்டுக்கு.

போனைப் பிடித்தபடி சிலையாக நின்றவரை ஆபீசில் எல்லாரும் 'ஸ்லைடு' என்றுதான் கூப்பிடுவார்கள். இரு நாட்டு வர்த்தகப் பாதைத் திட்ட அலுவலகத்தில் பதினோரு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. பாதையால் வரப்போகும் நன்மைகளைப் படம் போட்டுத் திரையில் காட்டுவது. 'ஒன்பது நாள் பயணம் இனி ஒன்பது மணி நேரம்' என்ற வாசகம் அவர் பெற்ற பிள்ளை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பொருளாதார நன்மைகள் பன்னிரண்டு, பாதுகாப்பு நன்மைகள் ஏழு என்று மளமளவென்று ஒப்பிப்பார். இத்தனை நன்மையில் ஒன்றுகூட அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கெஞ்சிக் கூத்தாடி நீட்டித்துக்கொள்ளும் ஒப்பந்த வேலைதான் இன்னும்.

இன்றைக்கு அது மாறப்போகிறது. நிரந்தரப் பணி ஆணை டைப் அடிக்கப்பட்டு இயக்குநரின் கோட்டுப் பையில் இருந்தது. "லாரி எல்லையைத் தாண்டட்டும், அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடுறேன்," என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

போன் மறுபடி அடித்தது. மனைவி.

"ஏங்க, குவார்ட்டர்ஸ்ல மொத்தம் எத்தனை ஜன்னல்? திரைத்துணிக் கடையிலதான் நிக்கிறேன்."

"இன்னும் கையெழுத்தே ஆகலைம்மா."

"அதெல்லாம் ஆயிடும். எங்க அண்ணன் வீட்டு மாடி ரூம்ல பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு. அண்ணி நேத்துக்கூட, 'மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமோ இல்லையோ, மாடி நிரந்தரம்'னு சிரிக்கிறாங்க. பச்சை வாங்கவா, நீலம் வாங்கவா?"

"எதையாவது வாங்கு," என்று போனை வைத்தார்.

இயக்குநர் அறைக்கு ஓடினார். கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "காலி லாரிக்கா அமைச்சர் கொடியசைப்பார்? மாப்பிள்ளை இல்லாத கல்யாணமாய்யா நடத்துறோம்?"

"கதவைப் பூட்டி சீல் வச்சுட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும் சார்?"

"எடைமேடை என்ன ஆகுறது? சரக்கோட எடையைப் பெரிய திரையில காட்டணும்னு யோசனை சொன்னது யாரு?"

யோசனை சொன்னது ஸ்லைடுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் இயக்குநரின் மேஜை தெரிந்தது. கணினித் திரை மூன்று தடித்த புத்தகங்களின் மேல் உட்கார்ந்திருந்தது.

'வர்த்தகப் பாதை: பொருளாதார, பாதுகாப்பு நன்மைகள் - முழு அறிக்கை.' இருநூற்று நாற்பது பக்கம், வழவழப்பான தாள். ஐந்து வருஷத்துக்கு முன் ஸ்லைடு தொகுத்தது. நாலாயிரம் பிரதி அச்சடித்து, நாற்பது பிரதிகூட வெளியே போகவில்லை. மிச்சம் அத்தனையும் ஸ்டோர் ரூமில் ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்தது. ஆபீசில் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் நிற்பதும், ஆடும் மேஜைகள் ஆடாமல் நிற்பதும் அந்த அறிக்கையால்தான். அதை விரித்துப் பார்த்த ஜீவன் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"சார், நம்ம அறிக்கை அஞ்சு டன் தேறும்."

இயக்குநர் அவரைக் கட்டிப் பிடிக்காத குறை.

ஒன்பதே முக்காலுக்குள் அறிக்கைப் பெட்டிகள் எல்லாம் லாரியில் ஏறின. டிரைவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"முப்பது வருஷமா ஓட்டுறேன் சார். வெங்காயம் ஏத்தியிருக்கேன், கண்ணாடி ஏத்தியிருக்கேன். நன்மையை ஏத்துறது இதான் முதல் தடவை," என்றார்.

ஸ்லைடு கணினி முன் உட்கார்ந்தார். பாதையின் பெருமையே ஒற்றைச் சாளர முறைதான். இரண்டு நாட்டுச் சுங்கத்துக்கும் ஒரே படிவம், ஒரே பொத்தான். 'ஓடு' என்றிருந்ததை அழித்து 'அச்சிட்ட புத்தகம்' என்று அடித்தார். உடனே ஒரு கேள்வி வந்தது. 'உள்ளடக்கத்தை எதிர்நாட்டுக் குழு படித்து ஒப்புதல் அளித்துவிட்டதா? கால அளவு: ஆறு வாரம்.'

"ஐயோ," என்று அதை அழித்துவிட்டு 'பழைய காகிதம்' என்று போட்டார். 'பூச்சி மருந்துப் புகை போட்டு நாற்பத்தெட்டு மணி நேரம் மூடி வைத்த சான்றிதழ் எங்கே?' என்று கேட்டது கணினி.

அதையும் அழித்து 'பேக்கிங் அட்டை' என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. திரை முழுக்கச் சிவப்பானது. 'ஒரே சரக்குக்கு நான்கு பெயர். சந்தேகத்துக்குரியது. முழுச் சோதனைக்கு உட்படுத்தவும்.'

அடுத்த நொடியே எதிர்ப்பக்கத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பக்கத்துச் சோதனை அதிகாரி அம்மாள். ஐந்து வருஷமாகப் போனில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை.

"என்ன சார், ஓடுங்கறீங்க, புத்தகங்கறீங்க, அட்டைங்கறீங்க? உண்மையில உள்ள என்னதான் இருக்கு?"

ஸ்லைடு ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "மேடம், லாரி போகலைன்னா என் வேலை போச்சு. என் பொண்டாட்டி திரைத்துணி வாங்கிட்டா."

"எங்க அமைச்சரும் கிளம்பி வந்துட்டாரு. லாரி போகலைன்னா எனக்கும்தான் தலைவலி. சரி, அவசர விதின்னு ஒண்ணு இருக்கு. குழுவுக்குப் பதிலா நானே படிச்சு ஒப்புதல் குடுக்கலாம். எத்தனை பக்கம்?"

"இருநூத்தி நாப்பது."

"படம் இருக்கா?"

"நிறைய இருக்கு மேடம். எல்லாம் மேல ஏறுற கோடுதான்."

"ஒரு பிரதியை கேட்டுக்குக் கொண்டாங்க. ஆனா அனுப்புறவர் பக்கத்துலயும் ஒருத்தர், எல்லா வரியும் படிச்சேன், முழுப் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டாகணும். சும்மா போடக் கூடாது, சொல்லிட்டேன்."

ஸ்லைடு அந்தப் பொறுப்பேற்புத் தாளை இயக்குநரிடம் நீட்டினார். இயக்குநர் பாம்பைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் எங்கய்யா படிச்சேன்? முன்னுரை மட்டும்தான் என்னுது."

அந்த முன்னுரையையும் ஸ்லைடுதான் எழுதினார். ஆனால் மற்ற இருநூற்று முப்பத்தேழு பக்கத்தை அவர் எழுதினார் என்று சொன்னால் சத்தியத்துக்கு விரோதம். மூன்று ஆலோசனை நிறுவனங்கள் ஆளுக்கொரு கோப்பு அனுப்பின. அதையெல்லாம் ஒட்டுப்போட்டு, எழுத்தின் அளவைச் சமப்படுத்தி, அட்டைக்கு நீல நிறம் தேர்ந்தெடுத்தது அவர். படிக்கத்தான் நேரமில்லை. இப்போதும் இல்லை. 'எல்லா வரியும் படித்தேன், முழுப் பொறுப்பு ஏற்கிறேன்' என்ற வாசகத்தின் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போட்டார்.

கேட்டின் கம்பிக்கு நடுவே கையை விட்டுப் பிரதியைக் கொடுத்தார். கண்ணாடி போட்ட, நெற்றி சுருங்கிய ஓர் அம்மாள் அதை வாங்கி அங்கேயே நாற்காலி போட்டு முதல் பக்கத்தைப் புரட்டினார். முன்னுரையைக்கூட விடவில்லை.

பதினொன்றரை ஆயிற்று. "எந்தப் பக்கம் மேடம்?" என்று ஸ்லைடு கேட்டார்.

"தொண்ணூறு. அவசரப்படுத்தாதீங்க சார், சுவாரசியமாத்தான் இருக்கு."

பன்னிரண்டுக்கு அமைச்சர்கள் மேடை ஏறினார்கள். "பேச்சை நீட்டுங்க சார், இன்னும் ஒப்புதல் வரலை," என்று ஸ்லைடு இயக்குநரின் காதைக் கடித்தார். இயக்குநர் பன்னிரண்டு நன்மைகளையும் சொன்னார். பிறகு ஏழு நன்மைகளையும் சொன்னார். ஸ்லைடு கீழேயிருந்து கையால் இழு இழு என்று சைகை காட்ட, பத்தொன்பதையும் கூட்டிச் சேர்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னார். "கடல் வழி அடைபட்டாலும் தரை வழி திறந்திருக்கும்" என்பதை மூன்றாம் முறை சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். என்ஜினை ஓடவிட்டபடி டிரைவரும் கண்ணயர்ந்துவிட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு அதிகாரி அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்து, தம் அமைச்சரின் செயலாளரிடம் அறிக்கையை விரித்து ஏதோ காட்டினார். செயலாளர் அமைச்சரிடம் காட்டினார். அவர் பக்கத்திலிருந்த நம் அமைச்சரிடம் காட்டினார். இரண்டு அமைச்சர்களும் ஒரே புத்தகத்தின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்து படிப்பதைப் பார்த்ததும் ஸ்லைடுக்கு மூச்சே நின்றது. ஏதாவது தப்பு இருக்கிறதோ? யாரையாவது திட்டியிருக்கிறோமோ?

நிமிர்ந்த அமைச்சர்கள் முகம் மலர்ந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். கேமராக்கள் பளிச்சிட்டன. திரையில் 'ஒப்புதல்' என்று பச்சை எழுத்து விழுந்தது. எடைமேடை ஐந்து டன் காட்டியது. கொடி அசைந்தது. திடுக்கிட்டு விழித்த டிரைவர் ஹாரனை அமுக்க, லாரி கம்பீரமாக எல்லையைத் தாண்டிப் போனது. ஸ்லைடு குழந்தைபோல் கை தட்டினார். பதினோரு வருஷத்தில் அவர் திரையில் மட்டுமே ஓட்டிய லாரி இன்றைக்கு நிஜமாகவே ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விருந்தினர்கள் கிளம்பியதும் இயக்குநர் தம் அறையில் கோட்டுப் பையிலிருந்து ஆணையை எடுத்து மேஜையில் விரித்தார். "பிழைச்சேய்யா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." பேனா மூடியைக் கழற்றினார்.

ஸ்லைடு அவசரமாக மனைவிக்கு ஒரு செய்தி தட்டினார். 'ஜன்னல் ஆறு. நீலம்.'

அப்போது எதிர்ப்பக்கத்து அதிகாரி அம்மாளிடமிருந்து போன் வந்தது. பாராட்டாகத்தான் இருக்கும், இயக்குநர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், லாரி பத்திரமா வந்துடுச்சு. உங்க புத்தகத்தை ஒரு வரி விடாம படிச்சேன். அருமையா இருக்கு."

"ரொம்ப நன்றி மேடம். அஞ்சு வருஷத்துல அதை முழுசா படிச்ச முதல் ஆள் நீங்கதான்," என்றார் ஸ்லைடு. நெஞ்சு நிறைந்துவிட்டது. இயக்குநரும் பேனாவை நிறுத்திவிட்டுப் பெருமையோடு தலையாட்டினார்.

"எங்க அமைச்சர் உங்களைத்தான் சார் பாராட்டித் தள்ளிட்டாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு தியாகியான்னு கேட்டாரு. மேடையில ரெண்டு பேரும் கைகுலுக்கினாங்களே, அதுவே உங்க நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்குத்தான்: 'முதல் லாரி எல்லையைத் தாண்டிய மறுநாளே இந்தத் திட்ட அலுவலகத்தை இயக்குநர் உட்பட மொத்தமாக மூடிவிடலாம்!'"