சுரங்கங்கள் சந்தித்துவிட்டன, மீசையை எடுங்கள் மச்சான்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், நிலக்கரிச் சுரங்கத்து விளக்கறைப் பொறுப்பாளன், மீசையை முறுக்கிக்கொண்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, மகள் மூவரும் சௌக்கியம். அங்கே தாங்கள், தங்கள் முழங்கால், தங்கள் மீசை மூன்றும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். முதல் இரண்டும் நன்றாக இருக்கட்டும். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் தங்கள் வீட்டுக் கூடத்தில், சொந்தபந்தம் இருபது பேர் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, உன் பெண் அங்கே என்னதான் செய்கிறாள் என்று தாங்கள் கேட்டது நினைவிருக்கும். நானும் விவரமாகச் சொன்னேன். பழைய சுரங்கத்தில் இன்னும் ஒன்றரை வருஷத்துக்குத்தான் கரி வரும், அதற்கப்புறம் நானூறு குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான், அதனால் பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுக் கரியைப் பிடிக்க இங்கிருந்து ஒரு வழி, அங்கே புதிதாக வெட்டிய சரிவிலிருந்து ஒரு வழி, இரண்டையும் குடைந்துகொண்டே போய் பூமிக்கடியில் ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்கள், எந்தத் திசையில் குடைவது என்று அளந்து சொல்லும் சர்வேயர் நம் பெண்தான், குறி தப்பினால் நானூறு வீட்டிலும் அவள் பெயர்தான் அடிபடும் என்றேன். அதற்குத் தாங்கள், “பொம்பளப் புள்ள கோடு போட்டா ஒண்ணு கிழக்க போகும், ஒண்ணு மேற்க போகும். ரெண்டும் சந்திச்சா நான் மீசைய எடுத்துக்கறேன்” என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இருந்தேனா? “இருபத்தாறு வருஷமா என் விளக்கறையில ஒரு விளக்கு பிசகினதில்ல. அந்த ரத்தம்தான் அவளுக்கும். என் கணக்கு என்னிக்காவது பிசகினா நானும் எடுத்துக்கறேன்” என்று சபையில் சொல்லிவிட்டேன். தங்கள் தங்கை என் காலை மிதித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக மிதித்தாள்.

அன்றிலிருந்து பதினொரு மாதம் அந்தப் பெண் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. தட்டில் சோறு இருக்கும், பக்கத்தில் வரைபடம் இருக்கும், கை படத்தின் மேல்தான் இருக்கும். வெடி வைக்கும் மேஸ்திரி ஒருவர் உண்டு, எங்கள் எல்லோருக்கும் அவர் ‘இடி’. அவர் தினமும் தலையில் மாட்டும் விளக்கை வாங்க வரும்போது என்னிடம் வந்து பொருமுவார். “முப்பது வருஷமா பாறைய மோந்து பாத்தே திசை சொல்றவன் நான். உங்க பொண்ணு நூலையும் தூக்குக்குண்டையும் எடுத்துட்டு வந்து, ‘அண்ணே, ரெண்டு விரக்கடை வலது பக்கம்’னு சொல்லுது!” மகளிடம் கேட்டால், “மோந்து பாக்கட்டும்ப்பா, நான் வேணாங்கல. கோட்டுக்குள்ள நின்னு மோந்து பாக்கட்டும்” என்றாள். நானோ வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தேன், ராத்திரியில் அவள் தூங்கினதும் அந்த வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைத் தங்களிடம் சொல்வதில் இப்போது வெட்கமில்லை.

சந்திக்கும் நாள் வந்தது. மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, விருந்தினர் என்ற பெயரில் நானும் ஆட்களை இறக்கும் கூண்டில் ஏறினேன். இருபத்தாறு வருஷம் விளக்குக் கொடுத்தவன், உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை! கடைசிப் பாறையில் இடி வெடி வைத்தார், எல்லோரும் பின்வாங்கி நின்றோம், வெடித்தது, புகை. நான் மகளைப் பார்த்தேன், அவள் பாறையைப் பார்த்தாள். அப்போது என் நெற்றியில் சில்லென்று காற்று பட்டது மச்சான். அந்தப் பக்கத்துக் காற்று! புகை விலகினால் ஓட்டைக்கு அந்தப்புறம் ஒருவர் கையை ஆட்டுகிறார். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை மைல் குடைந்ததில், வித்தியாசம் நாலு விரக்கடை. இடி அந்த நாலு விரலையும் இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, “தாயே, நீ என்ன சொன்னாலும் இனிமே சரி” என்று தலைக்கவசத்தைக் கழற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கரித்தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மேலே வந்ததும் கால் தரையில் நிற்கவில்லை. நேரே கடைத்தெருவுக்குப் போய், மருந்துக் கடையில் ஒரு தடவை, சலூனில் ஒரு தடவை, டீக்கடையில் இரண்டு தடவை கதையைச் சொன்னேன். எல்லோரும் என் நெற்றியையே பார்த்தார்கள். பெருமையில் முகம் அப்படி ஜொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் சைரன். எங்கள் முறை தங்களுக்குத் தெரியாது. உள்ளே போகிறவர் பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்குவார், விளக்கைத் திருப்பித் தரும்வரை வில்லை பலகையில் தொங்கும். வில்லை தொங்கினால் ஓர் உயிர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். விழுந்தடித்து ஓடினேன். விருந்தினர் வில்லை ஒன்று தொங்குகிறது, அதில் பெயர் கிடையாது. மீட்புக் குழு தயார், மகள் மறுபடி கூண்டில் ஏறப் போகிறாள். நான் பலகையைக் குத்திக் காட்டி, “எந்த மடையன்யா விளக்கத் திருப்பிக் குடுக்காதவன்? நானே உள்ள போய் இழுத்துட்டு வரேன்!” என்று கத்தினேன். மகள் கூண்டிலிருந்து இறங்கி வந்து, “அப்பா, உங்க நெத்தியில எரியறது என்ன?” என்றாள்.

அதை விடுங்கள், அது சின்ன விஷயம். பெரிய விஷயம், சுரங்கங்கள் சந்தித்தன. நானூறு குடும்பமும் இன்னும் முப்பது வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டாம். ஆகவே தாங்கள் சபையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, எடுத்ததை ஒரு கவரில் போட்டு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோரும் நீண்ட ஆயுளுடன் நேர்கோட்டில் நடக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
சர்வேயரின் அப்பா

பி.கு: கடிதத்தை மகளிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். “கூடத்துல நீங்களும் ஒண்ணு சொன்னீங்களேப்பா” என்றாள். விளக்கு எங்கும் தொலையவில்லையே, என் தலையில்தானே இருந்தது என்று வாதாடிப் பார்த்தேன். “என் நாலு விரக்கடைய நான் மறைச்சேனா?” என்றாள். சவரக் கத்தியை எடுத்தேன். கண்ணாடியை அவளே பிடித்துக்கொண்டாள். ஆகவே மேலே கேட்டதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். தங்கள் மீசை தங்களிடமே இருக்கட்டும், “மாமாகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்” என்கிறாள். எனக்கும் வருத்தமில்லை மச்சான். எடுத்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்குள் அச்சு அசல் அவள் முகம். இத்தனை வருஷம் இதைப் போய் மறைத்து வைத்திருந்தேனே! இனி இதை வளர்ப்பதாக இல்லை.