இருபத்து மூன்று பேருக்கு ஓர் எஸ்.எம்.எஸ்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் பழக்கம்.

1. சனிக்கிழமை மாலை, இருபத்து மூன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன்.
2. ஒருவரும் பதில் போடவில்லை.
3. "நோயாளிகளின் தயார்நிலை: மிகக் குறைவு" என்று அறிக்கை எழுதி, அடிக்கோடும் போட்டேன்.
4. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை பட்டியலில் அடங்கவில்லை.

செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கியிருந்த காலம் அது. கணினிப் படிப்பை முடித்த கையோடு, திருவிடந்தைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தேன். மாத்திரை நேரம், பரிசோதனை நாள் எல்லாவற்றையும் போனில் நினைவூட்டினால் நோயாளிகள் கேட்பார்களா என்று மதிப்பெண் போட்டுச் சொல்ல வேண்டும். தயார் என்றால் திட்டமும் வரும், என் வேலையும் நிலைக்கும். இல்லையென்றால் திட்டம் வேறு ஊருக்கு, நான் வேலையில்லாமல் ஊரப்பாக்கத்து வீட்டில்.

மீனவக் குப்பத்து நோயாளிகளிடம் இரண்டு வாரம் படிவம் நிரப்பினேன். "போன் இருக்கா?" என்றால் எல்லாரும் "கீதுமா" என்றார்கள். நம்பரும் சொன்னார்கள். எல்லாரும் சொன்னது ஒரே நம்பர். அதை இருபத்து மூன்று முறை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். (பத்து இலக்கம் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தேன்.)

பிறகு, வரப்போகும் திட்டத்தின் மாதிரிச் செய்தியை அப்படியே அனுப்பினேன்: நாளை காலை ரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றில் வரவும், பதில் அனுப்பவும். மாதிரி என்று சேர்க்கவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி விடுமுறை என்பதும் தோன்றவில்லை. பதில் வராததால் எல்லாருக்கும் பூஜ்யம் போட்டேன். என் வேலைக்கு நானே வேட்டு வைத்துக்கொண்ட நேர்மையை மெச்சியபடி தூங்கியும் போனேன்.

மிஸ்டு கால் கொடுத்தது மீன் விற்கும் கன்னியம்மா அக்கா. எல்லாரும் சொன்ன அந்த ஒரே நம்பர் அவருடையது. திருப்பி அழைத்தேன்.

"இன்னா பாப்பா, ஆஸ்பத்திரி பூட்டிக்கீது? மொத்த குப்பமும் வந்துகினு கீது!"

"யாருக்கா வரச் சொன்னது?"

"நீதான். ஒரு தபாவா? இருபத்தி மூணு தபா! மருமவ படிச்சிக் காட்டுச்சு. இவ்ளோ தபா சொல்றாங்கன்னா பெரிய விசயமா இருக்கும்னு ஒருத்தர் வுடாம இட்டாந்துட்டேன்."

"பதில் போடவேயில்லையே?"

"பதிலு இன்னாத்துக்கு? நேர்லயே வந்துட்டோமே!"

டாக்டர் மேடத்துக்கு போன் போட்டு ஒரே மூச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். பசியோடு சர்க்கரை நோயாளிகள் என்றதும் பயந்துபோய், வழியில் கடைகளில் கிடைத்த இட்லியையெல்லாம் வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். கன்னியம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"ரத்தம் குடுக்காம ஒருத்தரும் வாய்ல வைக்கக் கூடாது."

வரிசையில் முதலில் நின்ற முனுசாமித் தாத்தா என்னை முறைத்தார். "அத்த அப்பால எடுத்துகினு போ பாப்பா. வாசன தாங்கல."

அதற்குள் மேடம் வந்து கதவைத் திறந்தார். நான் நீட்டிய அறிக்கையைப் படித்தார். வரிசையைப் பார்த்தார். மறுபடி அறிக்கையைப் பார்த்தார்.

"இதுல தயாரா இல்லாதது யாருன்னு திருத்தி எழுதிட்டு வா."

எல்லாருக்கும் ரத்தம் எடுத்தோம். படிவத்திலேயே இல்லாமல் வந்தவர்களில் இரண்டு பேருக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் தெரிந்தது. இட்லி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இப்போதைய நிலவரம் இது. திட்டம் திருவிடந்தைக்கே வந்தது, வேலையும் நிலைத்தது. படிவத்தில் "போன் இருக்கா?" என்பதற்கு அடுத்து "அது யார் கையில் இருக்கும்?" என்று ஒரு கேள்வி சேர்ந்தது. வீட்டில் நான் சாப்பிட வரத் தாமதித்தால், "இருபத்து மூணு தடவை கூப்பிடணுமா?" என்கிறார் அப்பா. குப்பத்துக்குச் செய்தி இன்றும் கன்னியம்மா நம்பருக்கே போகிறது, ஒரே ஒரு முறை. அவர் போனில் என் பெயர் 'வெறும் வயிறு'.