ஜூம் சார் ஓடிய நாள்

விவேக் நகரில் ஜூம் சாரைப்போல நடக்கச் சோம்பல்பட்ட மனிதர் வேறு யாரும் இருந்ததில்லை. கல்யாணப் போட்டோகிராபர்தான். ஆனால் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி நகரமாட்டார். கிட்டே வந்து எடுங்கள் என்றால், "ஸ்கூட்டரை வித்து ஜூம் லென்ஸ் வாங்கினது நடக்கறதுக்கா?" என்பார்.

நிஜமாகவே விற்றவர். ரேட் கேட்டுப் போகிறவர்களுக்கு முதலில் சரித்திர வகுப்பு நடக்கும். ஜெர்மன்காரன் முதலில் செய்தபோது கேமராவைவிட ஜூம் லென்ஸ் விலை அதிகம், ஜப்பான்காரன் புகுந்துதான் விலையை இறக்கினான், இங்கே சுங்க வரி அதை மறுபடி ஏற்றிவிட்டது என்று முடித்துவிட்டுத்தான் தன் ரேட்டுக்கே வருவார். அதற்குள் அது நமக்கு மலிவாகத் தெரியும். லென்ஸுக்குக் கைக்குழந்தையின் கம்பளிக் குல்லாயைப் போட்டு, மடியில் வைத்தே பஸ்ஸில் வருவார். யாரையும் தொடவிடமாட்டார்.

தொண்ணூறுகளில் என் கல்யாணத்துக்கும் அவரைத்தான் பேசியிருந்தோம். இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவுக்கு அவசர ஆபரேஷன். தள்ளிப்போட்டால் தவக்காலம் வந்துவிடும், அதில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். அம்மா ஒப்பவில்லை. "தாலி கட்டுறத மட்டும் போட்டோல காட்டுடா, போதும்" என்றாள்.

மாதா கோயிலில் பங்குச் சாமியார் கறாரானவர். பிளாஷ் கூடாது, போட்டோகிராபர் கடைசி பெஞ்சைத் தாண்டக் கூடாது என்றுவிட்டார். ஜூம் சாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பின்னால் ஸ்டாண்டைப் போட்டு, குல்லாயைக் கழற்றி, ராஜா மாதிரி நின்றார்.

சாமியார் தாலியை மந்திரித்து என் கையில் கொடுத்த நேரத்தில் கரண்ட் போனது. ஜூம் லென்ஸ் வெளிச்சத்தை விழுங்கும் என்பது அவர் வகுப்பிலேயே நான் கேட்ட பாடம். அந்த இருட்டில் அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தால் கரிக்கட்டைதான் விழும். அதுவும் பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். அம்மாவுக்கு எதைக் காட்டுவேன்? முடிந்தவரை மெதுவாக முதல் முடிச்சைப் போட்டேன்.

"கரண்டுக்காகக் காத்திருக்காதப்பா, கட்டு" என்றார் சாமியார்.

இரண்டாம் முடிச்சில் ஓரத்து நடையில் தடதடவென்று காலடிச் சத்தம். ஜூம் சார் ஓடிவந்துகொண்டிருந்தார். கேமராவில் அவருடைய பழைய சின்ன லென்ஸ். பீடத்துப் படியருகே, ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் எங்களைப் பார்த்து முட்டிபோட்டார். மூன்றாம் முடிச்சை நான் போடும்போது, அவர் கழற்றிக் கடைசி பெஞ்சில் போட்டுவிட்டு வந்த ஜூம் லென்ஸ் உருண்டு மொசைக் தரையில் விழுந்தது. ஒரு ஸ்கூட்டரே விழுந்த சத்தம் அது. அதற்குப் பிறகு அவரைத் திட்டச் சாமியாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அம்மா படத்தைப் பார்த்தாள். தாலி, என் விரல்கள், என் மனைவியின் கழுத்து எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன.

"தாலி கட்டுறப்ப வாசல்ல என்னடா பார்வை?" என்று தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் மட்டுமா? சாமியார், சொந்தக்காரர்கள் எல்லோருமே சத்தம் வந்த பக்கம்தான் திரும்பியிருந்தோம். திரும்பிப் பார்க்காதவர் ஜூம் சார் ஒருவர்தான். அந்தப் படத்தில் அவர் இல்லை. ஆனாலும் ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அவரைத்தான் தேடுகிறேன்.