நூறு சதவீதம் திருந்தியவர்கள்

'பலன் கிடைத்துவிட்டது' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவர் கை வைத்த காரியம் எதுவும் தோற்றதே கிடையாது. ஜெயித்ததா இல்லையா என்று பார்க்கிற பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொள்கிறார் அல்லவா?

அந்த இனத்தின் அசல் வார்ப்பு, சிறையில் நன்னடத்தைப் பயிற்சி தரும் நம் அதிகாரி. தங்கமான மனுஷர். ஆறு வாரம் கைதிகளை உட்கார வைத்து, கோபத்தை அடக்குவது எப்படி, கெட்ட சகவாசத்தை உதறுவது எப்படி, கண்ணாடியைப் பார்த்து 'நான் நல்லவன்' என்று சொல்லிக்கொள்வது எப்படி என்றெல்லாம் தொண்டை வறளப் பேசுவார். கடைசி நாள் ஆளுக்கொரு தாள். அதில் ஒரே கேள்வி: 'விடுதலைக்குப் பின் மீண்டும் குற்றம் செய்வீர்களா?' பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். அதற்கும் பக்கத்தில், தடியோடு வார்டர். 'ஆம்' கட்டத்தில் டிக் அடிக்கிற பைத்தியக்காரன் எந்தச் சிறையில் இருக்கிறான்? எழுபத்திரண்டு தாள், எழுபத்திரண்டு 'இல்லை'. நூறு சதவீதம்! சந்தேகத்துக்கு இன்னொரு தடவை கால்குலேட்டரைத் தட்டிப் பார்ப்பார். அப்போதும் நூறுதான் வரும்.

வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள், பயிற்சிக்கே வராதவர்களைவிட இவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டாமா? இதை அவர் மனைவியும் கேட்டார்.

"திருந்தினவங்களப் போய் வேவு பாக்கலாமா? மனசு நோகாது?" என்றார் அதிகாரி.

"போன வருஷம் நீங்களுந்தான் இனிமே இனிப்பையே தொட மாட்டேன்னீங்க."

அதிகாரி வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார்.

இப்படி எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பூட்டுக்காரர் திரும்பி வந்தார். எந்தப் பூட்டும் அவரிடம் முரண்டு பிடிக்காது. பெயர் வந்ததும் அதனால், சிறை வந்ததும் அதனால். பயிற்சி முடித்து விடுதலையான ஐந்தாம் மாதம், ஒரு கடை ஷட்டருக்கு அடியில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது பிடிபட்டாராம்.

"ஐயா, இங்க வயரிங் பட்டறையில ஒரு இடம் காலியா இருக்காமே. என்னைச் சேத்துவிடுங்க. போன தடவை வேலை கேட்டு ஏறாத படியில்ல. கையில ஒரு தொழில் இருந்தா நான் ஏங்க ஷட்டர் பக்கம் போறேன்?"

அதிகாரி பட்டியலைப் புரட்டினார், முகம் வாடியது. பட்டறை திருந்தாதவர்களுக்கு மட்டும். விதியை எழுதியவரும் அவரேதான்.

"உன்னைச் சேக்க முடியாதேப்பா. நீதான் திருந்திட்டியே!"

"திருந்தியிருந்தா இங்க எதுக்குங்க நிக்கிறேன்?"

"அது வேற விஷயம். அன்னைக்கு 'இல்லை'ன்னு டிக் அடிச்ச இந்தத் தாள்ல இருக்கிற கையெழுத்து உன்னுதுதானே?"

"அந்த டிக்கை மாத்திடுங்கய்யா, கும்புடுறேன். என் பொண்ணு பத்தாவது படிக்குது. இன்னொரு தடவை உள்ள வந்தா, அது என் மூஞ்சியிலயே முழிக்காது."

அதிகாரிக்கு நெஞ்சு இளகிவிட்டது. நிஜமாகவே இளகியது; பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். ஒரே ஒரு டிக். ஆனால் எழுபத்திரண்டு எழுபத்தொன்றாகும், நூறு தொண்ணூற்றெட்டே சொச்சமாகும். ஆண்டறிக்கையோ அட்டையில் கொட்டை எழுத்தில் 'நூறு' என்று அச்சாகி வந்துவிட்டது. பேனாவை மூடினார். பூட்டுக்காரரின் தோளைத் தட்டி, "உன் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்குப்பா" என்றார். பட்டறையின் காலி இடம் மறுநாள் வேறொருவருக்குப் போயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று உங்கள் மகளை முன்னால் நிறுத்தி, விரலை ஆட்டி, "இனிமே பொய் சொல்லுவியா?" என்று கேட்டீர்களே, "மாட்டேன்" என்று அவள் சொன்னதும் குளிர்ந்துபோய் டிவி பக்கம் திரும்பினீர்களே. ஏன் பொய் சொன்னாள் என்று கேட்டீர்களா?