மேயர் தின்ற நோய்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே தைத்தா வாஷிங்டனின் வாசலில் வரிசை சந்தைவரை நீண்டிருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கூய். பள்ளிப் புத்தகத்தில் கினிப்பன்றி என்று போட்டிருக்கும். எங்கள் பூக்காலோமா ஊரில் கூய்தான். அடுப்படியில் வளரும், விருந்துக்கு வறுபடும். இப்போது அதற்கு இன்னொரு வேலையும் கிடைத்திருந்தது. வைத்தியம்.

முறை எளிது. தைத்தா என்றால் இங்கே வைத்தியப் பெரியவர். அவர் கூயைக் கையில் எடுத்து நோயாளியை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தேய்ப்பார். மனசில் இருக்கும் நோய் கிளம்பிக் கூய்க்குள் போய்விடும். ஏன் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கூயும் கேட்டதில்லை.

மற்ற ஊர் வைத்தியர்கள் தேய்த்து முடித்ததும் கூயை அறுத்துக் குடலைப் பார்ப்பார்கள். தைத்தா வாஷிங்டன் கருணை உள்ளவர். அறுக்கமாட்டார், வளர்ப்பார். கூய் செத்தால் நோய் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும் என்பது அவர் கண்டுபிடித்த விதி. ஆகவே கூய் சாகக்கூடாது. ஆகவே வாராவாரம் ஒரு கட்டுப் புல்லும் கொஞ்சம் டாலரும் வந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்கு முன்பு அவர் கைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தார். அதில் என்ன இருக்கிறது. உறை வாங்கியவன் வாராவாரம் வந்து உறைக்குச் சாப்பாடு போடமாட்டான்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு கொட்டில்கள். இடப்பக்கம் துக்கக் கொட்டில். சோர்ந்து போனவர்களின் கூய்கள் அங்கே மூலையில் சுருண்டு கிடக்கும். வலப்பக்கம் துள்ளல் கொட்டில். தலைகால் புரியாமல் ஆடியவர்களின் கூய்கள் அங்கே, காலடி கேட்டாலே சுவருக்குச் சுவர் ஓடிக் கீச்சிடும். உறவினர்கள் வேலியில் சாய்ந்து நின்று நெகிழ்வார்கள். அதோ பார், நம் சித்தப்பாவின் துக்கம், எப்படிப் படுத்திருக்கிறது என்பார்கள்.

சந்தையில் சூப் விற்கும் எடெல்மிராவும் ஒருநாள் போய்ப் பார்த்தாள். துக்கக் கொட்டிலில் புல் குவிந்து கிடந்தது. துள்ளல் கொட்டிலில் ஓர் இலைகூட இல்லை. தம்பி ரெமிஹியோ சோர்ந்து கிடந்தவன்தான், ஆனால் துக்கக் கொட்டிலில் இடமில்லை என்று அவன் கூயை இங்கே விட்டிருந்தார்கள், அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. வேலி இடுக்கு வழியாக அதற்கு ஒரு பிடி புல் போட்டாள். தின்றது. படுத்தது. கொட்டாவி விட்டது. துள்ளல் நோய் தீர்ந்துவிட்டது.

அவளுக்கு இந்த நோய் புதிதல்ல. டாக்டர் அதை பைபோலார் என்றார். அவள் 'மேலே', 'கீழே' என்று வைத்துக்கொண்டாள். மேலே போயிருந்த ஒரு சமயம் கோயில் மணியை விலைபேசி முன்பணமும் கொடுத்துவிட்டாள். அவ்வளவு பெரிய மணி வீட்டுக்குள் கொள்ளாதே என்று பாதிரியார் கவலைப்பட்டபோது, அதற்கென்ன, கூரையை எடுத்துவிடலாம் என்றாள். கீழே போயிருந்த சமயத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை. பிறகு லித்தியம் மாத்திரை வந்தது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. நேரத்துக்குத் தூக்கம். கை லேசாக நடுங்கும். சூப்பில் உப்பு சற்றுக் கூடிவிடும். ஊரார் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். மணியைவிட உப்பு தேவலை.

ரெமிஹியோவுக்கும் அதே நோய். குடும்பச் சொத்து. ஊர் பேண்டில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவன். போன வருடம் மழைக்காலம் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அந்த நாட்களில் எடெல்மிரா அவன் அறை வாசலில் பாய் போட்டுப் படுத்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெல்ல மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அவன் எழுந்த வாரம் பார்த்து யாரோ அவனைத் தைத்தாவிடம் கூட்டிப் போனார்கள். கீழே போனவர் என்றைக்காவது மேலே வருவார். வரும்போது பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருக்குப் பேர். தைத்தா நின்றார்.

கூடவே ஒரு விதியும் சொன்னார். மாத்திரை தின்கிறவனைக் கண்டால் கூய் கோபித்துக்கொள்ளும். ரெமிஹியோ மாத்திரையை விட்டான். விடவில்லை என்று அக்காவிடம் சொன்னான். ஆனால் டூபா கீழ்ச்சுரத்துக்கு இறங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. பேண்டு மாஸ்டர் அதைப் புதுப் பாணி என்று பாராட்டினார். எடெல்மிராவுக்குப் புரிந்துவிட்டது.

அதன்பிறகு அவன் ஏறத் தொடங்கினான். காலையில் டூபாவோடு தைத்தாவின் வரிசைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னான். நாலு நாளாகத் தூக்கமில்லை, களைப்பும் இல்லை, மனசில் ஒரு பாரம் இல்லை என்றான். கூட்டம் கைதட்டியது. நாலு நாள் தூங்காதவனைப் பார்த்து ஒரு ஊரே குணம் என்று கைதட்டியது. இதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கடைக்குக் கிடைக்கும்.

எடெல்மிரா கெஞ்சினாள். இந்த உயரத்திலிருந்து இறங்கினால் போன வருடத்துச் சுவர்வரை வந்து நிற்காது, அதற்கும் கீழே போகும் என்று அவளுக்குத் தெரியும். வாசலில் பாய் போட்டுத் தடுக்கிற ஆழமாக அது இருக்காது. அவன் சிரித்தான்.

"நோய் கொட்டில்ல இருக்குக்கா. போய் அதுக்கு மாத்திரை குடு."

ஊர்ப் புனிதரின் திருவிழா வந்தது. ரெமிஹியோ மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ஊர் முழுவதற்கும் விருந்து என்று அறிவித்தான். வறுத்த கூய், உருளைக்கிழங்கு, வேர்க்கடலைக் குழம்பு. சமையல் ஃபானியின் கடையில். ஃபானி யார் என்றால் தைத்தா வாஷிங்டனின் மனைவி. கணவர் வீட்டுக்குப் பின்னால் கூய் வளர்க்கிறார். மனைவி வீட்டுக்கு முன்னால் கூய் வறுக்கிறாள். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர் பூக்காலோமாவில் ஒருவர்கூட இல்லை.

எடெல்மிரா தம்பியை வீட்டுக்கு இழுத்துப் போகத்தான் சதுக்கத்துக்கு வந்தாள். மேசைகள் நிரம்பியிருந்தன. நடுப்பகலுக்குள் சந்தையில் ஒரு கூய் மிச்சமில்லை, அக்கம்பக்கத்து அடுப்படிகளும் காலி என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். ஆனால் ஃபானி இன்னும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள். எடெல்மிராவுக்குப் பின்பக்கத்துக் கொட்டில்கள் நினைவுக்கு வந்தன. பிறகு உட்கார்ந்தாள்.

"தம்பி, இன்னும் ஒரு முப்பது சொல்லு."

ரெமிஹியோ அவளைக் கட்டிக்கொண்டான். உலகத்தில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அக்காதான் என்று மேசைமேல் ஏறி அறிவித்தான். ஃபானி பின்பக்கம் போனாள். சற்று நேரம் கீச்சொலி கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிறகு வாசனை வந்தது.

ரெமிஹியோவின் கூய் எடெல்மிராவின் அடுப்படியில் பிறந்தது. வலது முன்காலில் அதற்கு ஒரு விரல் கூடுதல். பூக்காலோமாவில் கூயை முழுசாகத்தான் வறுப்பார்கள், தலையோடும் காலோடும். இரண்டாவது சுற்றுத் தட்டுகள் வந்ததும் எடெல்மிரா எழுந்து மேசை மேசையாகப் போய்க் கால்களைப் பார்த்தாள். பாவம், அக்காவுக்கும் ஏறிடுச்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மேயரின் தட்டருகே நின்றாள். அவர் கடித்துக்கொண்டிருந்த காலை மரியாதையாக வாங்கினாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

"இதுல விரலை எண்ணு."

அவன் எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"நம்ம வீட்டுக் கூய் மாதிரி இருக்கே."

"மாதிரி இல்லடா. அதேதான். உன் நோயில முக்கால்வாசியை மேயர் சாப்பிட்டாச்சு."

மேயர் கரண்டியைக் கீழே வைத்தார். பூக்காலோமா யோசித்தது. நீண்ட நாளைக்குப் பிறகு யோசித்ததால் தப்பான பக்கம் யோசித்தது. எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். இது யாருடையது? பத்திரப்பதிவுக்காரர் தனக்கு வந்த கறி முதல் வாயிலேயே கொஞ்சம் சோகமாக இருந்ததாகச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரி அழத் தொடங்கினாள். யாருடைய துக்கம் என்று பக்கத்தில் கேட்டதற்கு, ஆள் தெரியவில்லை, ஆனால் ரொம்ப நாள் பட்ட துக்கம் போலிருக்கிறது என்றாள். மேயருக்கு நெஞ்சு படபடத்தது. ஊருக்கு விமான நிலையம் கட்டித் தருவேன் என்று பேச ஆரம்பித்தார். இது நோயா வழக்கமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தைத்தா வாஷிங்டனைக் கூட்டி வந்தார்கள். இறகுத் தொப்பியோடு வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். பயப்பட ஒன்றுமில்லை, ஆளுக்கு ஒரு புதுக் கூய் கொண்டு வாருங்கள், இன்றே தேய்த்து எடுத்துவிடுகிறேன் என்றார். கூட்டம் நிம்மதியானது. எழுந்து வரிசையில்கூட நின்றது. வரிசையின் முனையில் இருந்தவர்தான் ஊரில் கூயே மிச்சமில்லை என்பதை நினைவுபடுத்தினார். எல்லாம் வயிற்றில் இருந்தது. கோழியும் ஆகும் என்று தைத்தா சொல்லிப் பார்த்தார். கோழிகள் காலையிலேயே சூப்புக்குப் போயிருந்தன.

அப்போது கசாப்புக்கடை ஹெரார்தினோ முன்னால் வந்தார். நல்ல உயரம். கடையிலிருந்து நேராக வந்ததால் வெட்டுக்கத்தியும் கையோடு வந்திருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"எம் பொண்ணுங்க ரெண்டும் ஆளுக்கொரு கால் தின்னுருக்கு. அதுங்களுக்குள்ள என்னத்தய்யா அனுப்புனே?"

தைத்தா தொப்பியைக் கழற்றினார்.

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லேன்னா?"

"சத்தியமா ஒண்ணும் இல்லைங்க. வெறும் கறி. எங்க வீட்ல வாராவாரம் தின்னுறோம். எங்க யாருக்காவது ஏதாவது ஆச்சா, பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். தைத்தாவின் குடும்பம் கொழுகொழுவென்று இருந்தது. ரொட்டிக்கடைக்காரியின் அழுகை நின்றது. மேயரின் படபடப்பு அடங்கியது. விமான நிலையம் ரத்தானது. பிறகு ஆளாளுக்குத் தங்கள் புல்லைத் திருப்பிக் கேட்டார்கள். தைத்தா வாஷிங்டன் ஃபானியின் பக்கம் திரும்பினார். ஃபானி அவரை முன்பின் பார்த்திராதவள் போலத் தட்டுகளை அடுக்கினாள்.

எடெல்மிரா டூபாவைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு துணிக்கிளிப், பாதி தின்ற எம்பனாடாப் பலகாரம், ஒரு கால் உறை, கடைசியாக மாத்திரைப் புட்டி. பேண்டு மாஸ்டரின் முகம் விழுந்தது.

"எனக்கு நல்லாத்தானேக்கா இருக்கு" என்றான் ரெமிஹியோ.

"மணி வாங்கினப்ப எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான். அவள் கையில் இன்னும் அந்தக் கால் இருந்தது.

"அப்போ அது என்னை விட்டுப் போகவே இல்லையா?"

"இல்லடா. என்னையும் விட்டுப் போகல. கூடவே இருக்கு. நான் பாத்துக்கலையா? நீயும் பாத்துக்குவே."

டாக்டரிடம் காலையிலேயே போனில் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். இன்று ஒன்று, திங்கட்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரி, இப்போது வீட்டுக்குப் போய்த் தூக்கம். ஒரு மாத்திரையும் ஒரு குவளைத் தண்ணீரும் நீட்டினாள். அவன் கை நீண்டது.

"கொஞ்சம் இரு" என்றார் மேயர். வாயைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குள்ள மட்டும் நிஜமா ஏதாவது இருக்குன்னு என்ன அத்தாட்சி?"

நியாயமான கேள்வி என்று கூட்டம் தலையாட்டியது. பூக்காலோமா வாழ்நாளில் முதல்முறையாகச் சந்தேகப்பட்டது. ரெமிஹியோவின் கை நடுவழியில் நின்றது.

"நல்ல கேள்வி மேயரய்யா" என்றாள் எடெல்மிரா. "ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க. எவ்வளவு இருக்குன்னு தெரியும். கூடிப்போச்சுன்னா குறைப்பாங்க. ஒத்துவரலைன்னா வேற மருந்து. என்னோட பரிசோதனைத் தாள் எல்லாம் வீட்ல இருக்கு, யார் வேணும்னாலும் வந்து பாருங்க."

ரெமிஹியோ அவளைப் பார்த்தான். தைத்தாவைப் பார்த்தான். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தான்.

எடெல்மிரா காலிக் குவளையை வாங்கிக்கொண்டாள். புல் கேட்டு நின்ற வரிசையின் பக்கம் திரும்பினாள்.

"இதே கேள்வியை, இத்தனை நாளா அந்தக் கொட்டில் வாசல்ல நின்னீங்களே, ஒருத்தர்கூட ஏன் கேக்கல?"