தண்ணீர் குடித்த வீடுகளின் வழியே ஒரு கடிதம்

"ஆபீஸுக்கு வர்ற கடுதாசி லயத்துக்கு வர்றதுக்குள்ள, கல்யாணப் பொண்ணுக்குப் புள்ளையே பொறந்துடும்."

ஹட்டன் பஸ்ஸில் பின்சீட்டுப் பெண் யாரிடமோ சொன்னது.

அன்று திங்கட்கிழமை. ஆசிரியர் நியமன நேர்முகத் தேர்வை முன்னுக்குத் தள்ளி, வரும் வெள்ளிக்கிழமை வைத்துவிட்டார்கள். என்னோடு படித்த கலைச்செல்விக்கு அது தெரியாது. அவள் இருப்பதோ ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்.

நானே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ்ஸை நிறுத்த 'இறக்கம்' என்று சொல்ல வெட்கப்பட்டு இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்குகிறவள் நான்.

எனவே என் மூளை ஒரு மகத்தான திட்டம் போட்டது. தோட்டத்துத் தபாலெல்லாம் தேங்கிக் கிடக்கும் ஆபீஸ் பக்கமே கடிதம் போகாது. நம்பிக்கையான கைகள் வழியாக மட்டும் போகும். உறையின் மேல் பெரிதாக எழுதினேன்: 'நீங்கள் யார் வீட்டில் தண்ணீர் குடித்திருக்கிறீர்களோ, அவர் கையில் மட்டும் கொடுக்கவும்.'

பக்கத்து லயத்து சிவலிங்கம் அண்ணன் நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டர். அவர் வாங்கிக்கொண்டார். அவர் புத்தாண்டுக்குப் பாற்சோறு சாப்பிட்டது மரக்கறி லொறி ஓட்டும் சுனில் வீட்டில். சுனில் சாப்பிட்டது ராகலையில் தையல் கடை வைத்திருக்கும் புஷ்பம் அக்கா வீட்டில். செவ்வாய் மாலைக்குள் கடிதம் ராகலையில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தபால் இலாகாவையே என்னிடம் ஒப்படைக்கலாம் என்று தோன்றியது.

வியாழன் காலை, நிறைந்த பஸ்ஸின் மிதிபலகையில் நின்று சிவலிங்கம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். புஷ்பம் அக்கா கேட்டனுப்பிய கேள்வி ஒன்று வந்திருந்தது. புதன்கிழமை கலைச்செல்வியே ரவிக்கை தைக்க அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். பெயரைக் கேட்ட அக்கா, கடிதம் இருப்பதைச் சொன்னாராம். ஆனால் கொடுக்கவில்லை. அவள் வீட்டில் அக்கா தண்ணீர் குடித்ததில்லை.

"என்ன செய்யட்டும்னு கேக்குறாங்க, தங்கச்சி."

நாளை நேர்முகம். பஸ்ஸே என்னைப் பார்த்தது. குடுக்கச் சொல்லுங்க என்று முணுமுணுத்தேன்.

"சொல்லிப்புடலாம். ஆனா அவங்க ஒன்னைய எப்படி நம்புறது? ஒங்க வீட்டுலயும் அவங்க தண்ணி குடிச்சதில்லயே."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் ஹோர்னை ஒரு முறை அடித்து அதை ஆமோதித்தார்.

வெள்ளிக்கிழமை நேர்முக அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். புது ரவிக்கையோடு கலைச்செல்வி வந்து பக்கத்தில் இடித்து உட்கார்ந்தாள். முதலில் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

என் பதில் போய்ச் சேரும்வரை அக்கா காத்திருக்கவில்லையாம். வியாழன் மதியமே கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு மைல் மேடேறி லயத்துக்கே வந்துவிட்டார். அன்று பார்த்து வீட்டுக் குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கலைச்செல்வி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் ஒரு செம்பு வாங்கி வந்து நீட்டியிருக்கிறாள்.

"இது அவங்க வீட்டுத் தண்ணிம்மா" என்றாராம் அக்கா.

பிறகு வெறுங்குடத்தை எடுத்து அவள் இடுப்பில் வைத்து, தண்ணீர் கொட்டும் பீலிக்கு அனுப்பிவிட்டு, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.