சூரியனைத் திருடிய பூதமும் தையல்காரர் கண்ணும்

உயிரே போனாலும் கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று தையல்காரர் சபதம் போட்டார். தெருவே கேட்கப் போட்டார். அவருக்கு ரெண்டு கண்ணிலும் புரை. "சின்ன வேலை" என்றார் டாக்டர். "அவருக்குச் சின்ன வேலை. கண்ணு என்னுதுல்ல?" என்று வந்தவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

தொழில் தள்ளாடியது. வக்கீல் கோட்டில் பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டார். வக்கீல் கையை விட்டார். போகவில்லை.

"என்னய்யா பை இது?"

"திருடன் கைகூடப் போகாது சார்!"

வக்கீல் சிரிக்கவில்லை. கோட்டை வீசிவிட்டுப் போனார். பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பெட்டியிலிருந்து, தான் பலதடவை படித்த ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துவந்து, மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

பூதக்கதை. ஒரு பூதம் சூரியனைத் திருடிக் குகைக்குள் பூட்டி வைத்துவிட்டது. தெருவிளக்கு ஏற்றுகிற ஒரு சின்னப் பெண், கைவிளக்கோடு அதை மீட்கப் போகிறாள்.

"பச்சைப்பிள்ளைங்க படிக்கிறது இது!"

"உங்களுக்கா படிக்கிறேன்? எனக்குச் சத்தமாப் படிச்சாத்தான் மண்டையில ஏறும்."

முதல் நாள் மெஷின் மெதுவாக ஓடியது. மறுநாள் நின்றே போனது.

"ஏம்மா, அவளுக்குத்தான் கைகால் நடுங்குதே. அவளைப் போயா அனுப்பினாங்க? நாட்டுல வீரனே இல்லையா?"

"வீரனுங்க குகை வாசல்ல நின்னு சபதம் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நடுங்கினவதான் உள்ள போனா."

தையல்காரர் இருமினார். பேச்சை மாற்றப் பார்த்தார்.

"இதையே எத்தனை தடவைதான் படிப்பே?"

"நம்ம பொண்ணு வயித்துல குறுக்கே கிடந்தப்ப, என்னை ஆபரேஷன் ரூமுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. நீங்க வெளியில மயங்கி விழுந்துட்டீங்க. என் கையைப் பிடிக்க ஆளில்ல. இந்தக் கதையில வர்றவதான் விளக்கைத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னால நடந்தா. அவளுக்கும் பயம், எனக்கும் பயம். ரெண்டு பேருமா உள்ள போயிட்டோம். அதான் படிக்கிறேன்."

அவள் மேலே படித்தாள். பூதம் கண்ணைத் திறந்த இடத்தில் புத்தகத்தை மூடினாள்.

"அப்புறம்?"

"தொண்டை கட்டிக்கிச்சு. மீதியை நீங்களே படிச்சுக்குங்க."

அவருக்கோ எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம். அசருவாரா? மறுநாள் அவள் காய் வாங்கப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தை எடுத்தார். பேண்ட் வாங்க வந்த பேங்க் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

"கண்ணாடியை எங்கியோ வச்சுட்டேன் தம்பி. கொஞ்சம் படிங்களேன்."

"அண்ணே, மீதிப் பக்கத்தையெல்லாம் சேர்த்துத் தைச்சுல்ல வச்சிருக்கு!"

வெள்ளைத் தாளில் வெள்ளை நூல். சுற்றிலும் பொடித் தையல். இழுத்தால் தாள் கிழியும். ஒவ்வொரு தையலாகப் பிரிக்கணும். அது யார் வேலை? பிளேடை எடுத்தார். நூல் எது, தாள் எது என்று தெரியவில்லை. கட்டைவிரலைத்தான் கீறிக்கொண்டார்.

நிமிர்ந்தால், காய்ப்பையோடு வாசலில் மனைவி.

"திருடன் கைகூடப் போகலை போல?"

குமாஸ்தா பேண்ட்டை வாங்கிக்கொண்டு நழுவினார்.

"நீயே பிரிச்சுடும்மா."

"எனக்குத் தைக்கத்தான் வரும். பிரிக்கிறது உங்க கை."

"அவ பொழைச்சாளா? அதை மட்டும் சொல்லு!"

"உள்ள போய்ப் பாருங்க, தெரியும்."

போனார். முதலில் வலது கண். படுக்க வைத்தார்கள். கால் வெடவெடத்தது. தலைக்கு மேலே ஒரு விளக்கு எரிந்தது. அதையே பார்த்தார். அது மெல்ல முன்னால் நடந்தது போல இருந்தது, பின்னாலேயே போனார்.

"பயமா இருக்கா?" என்றார் டாக்டர்.

"இருக்கு. அவளுக்கும் இருக்கு. நீங்க ஆரம்பிங்க."

யார் அவள் என்று டாக்டர் கேட்கவில்லை.

கட்டு அவிழ்த்த அன்றைக்கு உலகத்தையே யாரோ துவைத்துக் காயப்போட்டது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பிளேடை எடுத்தார். தாளுக்கு ஒரு கீறல் இல்லாமல் அத்தனை தையலையும் பிரித்தார். சாப்பாட்டை மறந்து படித்தார். சூரியன் வெளியே வந்த இடத்தில் தேம்பித் தேம்பி அழுதார்.

"அந்தக் கண்ணுக்குச் சேர்த்து இந்த ஒரு கண்ணு போதும்மா எனக்கு! இனிமே எவன் கத்தியும் வேண்டாம்!" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். 'முதல் பாகம் முற்றும்' என்றிருந்தது.

"ரெண்டாம் பாகம் எங்கே?"

"டாக்டர்கிட்ட குடுத்து வச்சிருக்கேன். இடது கண்ணைக் காட்டினாத் தருவாரு."